டெரிட்டரி காலத்து அமெரிக்கக் கடித உறைகள்: எங்கே தொடங்குவது, எதைப் பார்த்து வாங்குவது

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் வயோமிங் உறை வயோமிங் பக்கமே போனதில்லை. இணைய ஏலத்தில் விற்றவர் ‘ஷையென், வயோமிங் டெரிட்டரி, 1884’ என்று போட்டிருந்தார். வட்ட முத்திரையில் இடப்பக்கம் சி, எச், ஈ என்ற மூன்று எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. நடுவில் மை சரியாகப் பிடிக்கவில்லை. வலப்பக்கம் டபிள்யூ.டி., அதாவது வயோமிங் டெரிட்டரி. வேறென்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உறையைத் திருப்பினேன். பின்பக்கம் ஓரிகனில் உள்ள போர்ட்லண்டின் வரவு முத்திரை. அனுப்பிய தேதி ஜனவரி, வந்த தேதி இரண்டே நாள் கழித்து. அந்த ஜனவரியில் ஷையென் பக்கமிருந்து போர்ட்லண்டுக்கு நேர் ரயில் பாதையே முடியவில்லை. இரண்டு நாளில் போய்ச் சேர வழியில்லை. லென்ஸை எடுத்து எழுத்துகளின் இடைவெளியை அளந்தேன். ‘சி, எச், ஈ’க்கும் ‘டபிள்யூ’வுக்கும் நடுவில் மூன்று எழுத்துக்குத்தான் இடம், ஆங்கிலத்தில் ஷையெனுக்கு ஐந்து வேண்டும். ஊரின் பெயர் சீனி. நம் சர்க்கரை இல்லை, வாஷிங்டன் டெரிட்டரியில் ஸ்போக்கேன் நகருக்குப் பக்கத்திலிருக்கும் ரயில்வே ஊர். அங்கிருந்து போர்ட்லண்டுக்கு ரயிலில் இரண்டு நாள் தாராளம்.

இந்தச் சேகரிப்பில் ஸ்டாம்ப் இரண்டாம்பட்சம். ஊர், தேதி, கட்டணம், போன வழி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் முழு வேலையும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

டெரிட்டரி என்றால் என்ன

அமெரிக்காவில் மாநிலமாவதற்கு முன், மத்திய அரசு நியமித்த ஆளுநரின் கீழ் இருந்த பகுதியே டெரிட்டரி. 1787இல் வந்த வடமேற்குச் சட்டம் இதற்கு அச்சு வார்த்தது. அந்தப் பகுதியில் 60,000 சுதந்திரக் குடிகள் சேர்ந்தால் மாநிலமாகக் கேட்கலாம் என்றது அது. மக்கள் மேற்கே நகர நகர எல்லைகளும் மாறிக்கொண்டே வந்தன. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் மேல் நிற்கும் பெயர்தான் மாறும்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஈயச் சுரங்க ஊரான டுபியூக்கை எடுத்துக்கொள்வோம். 1834இல் அது மிச்சிகன் டெரிட்டரியோடு சேர்க்கப்பட்டது. 1836இல் விஸ்கான்சின் டெரிட்டரி, 1838இல் அயோவா டெரிட்டரி, 1846 டிசம்பர் 28 முதல் அயோவா மாநிலம். ஒரே ஊரில் உட்கார்ந்திருந்த ஒருவர் பன்னிரண்டு ஆண்டில் நான்கு முகவரியில் கடிதம் எழுதியிருப்பார். லாரமி கோட்டை இன்னும் மோசம்: 1854இல் நெப்ராஸ்கா, 1863இல் ஐடஹோ, 1864இல் டகோட்டா, 1868இல் வயோமிங்.

எனக்கு மிகவும் பிடித்தது டென்வர். 1858இல் முளைத்தபோது அது கன்சாஸ் டெரிட்டரியில் இருந்தது. 1861 ஜனவரி 29இல் கன்சாஸ் மாநிலமானபோது டென்வரை வெளியே விட்டுவிட்டார்கள். கொலராடோ டெரிட்டரி பிறந்தது பிப்ரவரி 28இல். நடுவே ஒரு மாதம் அந்த ஊர் எந்த டெரிட்டரியிலும் இல்லை. அந்த மாதத்தின் உறை ஒன்று கையில் சிக்கினால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவும் டெக்சஸும் அமெரிக்க டெரிட்டரியாக இருந்ததே இல்லை. ‘கலிஃபோர்னியா டெரிட்டரி’ என்று யாராவது விற்றால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடலாம்.

முதல் வேலை: ஒரு மூலையைப் பிடிப்பது

‘அமெரிக்க மேற்கு முழுவதும்’ என்று தொடங்கினால் பணமும் பொறுமையும் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். ஒரு டெரிட்டரி, முடிந்தால் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), அல்லது ஒரே ஒரு தபால் வழி என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

கைக்காசு குறைவென்றால் 1880களின் டகோட்டா நல்ல தொடக்கம். அந்தப் பத்தாண்டில் ரயிலோடு குடியேறிகள் வெள்ளமாக வந்தார்கள். 1889 நவம்பர் 2இல் அது இரண்டு மாநிலமாகப் பிரியும்வரை கடிதங்கள் குவிந்தன. நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் 1912வரை டெரிட்டரிகளாகவே இருந்ததால், 1890க்குப் பிந்திய உறைகளும் அஞ்சலட்டைகளும் ஓரளவு மலிவாகவே கிடைக்கும். யூட்டா 1896வரை நீண்டது.

நேர் எதிர்ப்பக்கம் நெவாடா. 1861 மார்ச்சில் பிறந்து 1864 அக்டோபர் 31இல் மாநிலமாகிவிட்டது. மூன்றரை ஆண்டு ஆயுள்தான், விலையும் அதற்கேற்பவே. ஐடஹோ, மொன்டானா டெரிட்டரிகளின் முதல் சில ஆண்டுகளும் அப்படித்தான். தொடக்கக்காரர் இவற்றைப் பார்க்கலாம், படிக்கலாம். வாங்க அவசரம் வேண்டாம்.

உறையைப் படிப்பது

இங்கேதான் நேரம் போகும், போகவும் வேண்டும். முதலில் கட்டணங்கள். இந்தப் பட்டியலைக் கையால் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

- 1816 முதல் 1845 ஜூன்வரை, ஒரு தாளுக்கு: 30 மைல்வரை 6 சென்ட், 80 மைல்வரை 10, 150 மைல்வரை 12½, 400 மைல்வரை 18½ (1825 முதல் 18¾), அதற்கு மேல் 25.
- 1845 ஜூலை 1 முதல், அரை அவுன்ஸுக்கு: 300 மைல்வரை 5 சென்ட், அதற்கு மேல் 10. தங்க வேட்டைக் காலத்தில், 1851வரை, பசிபிக் கரைக்கும் அங்கிருந்து கிழக்கேயும் 40 சென்ட்.
- 1851 ஜூலை 1 முதல்: 3,000 மைல்வரை முன்பணம் கட்டினால் 3, கட்டாவிட்டால் 5. அதற்கு மேல் 6, 10.
- 1855 ஏப்ரல் 1 முதல்: முன்பணம் கட்டாயம். 3,000 மைல்வரை 3, அதற்கு மேல் 10.
- 1863 ஜூலை 1 முதல்: தூரக் கணக்கே இல்லை, எங்கும் 3.
- 1883 அக்டோபர் 1 முதல்: 2.

பன்னிரண்டரை, பதினெட்டே முக்கால் என்ற எண்கள் ஏன் வந்தன? அந்நாளில் மக்கள் கையில் புழங்கியது ஸ்பானிய வெள்ளி. டாலரை எட்டாக வெட்டினால் ஒரு ரியால். 1857வரை அந்த நாணயம் அங்கே சட்டப்படி செல்லும். நம் பழைய வாய்ப்பாடு தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு: பன்னிரண்டரை சென்ட் அரைக்கால் டாலர், பதினெட்டே முக்கால் மூன்று வீசம், இருபத்தைந்து கால்.

இப்போது என் மேஜையில் இருக்கும் ஒன்றைப் பார்ப்போம். விஸ்கான்சின் டெரிட்டரியின் மினரல் பாயிண்டிலிருந்து 1839இல் நியூயார்க் மாநிலத்துக்குப் போன கடிதம். உறை கிடையாது. எழுதிய தாளையே மூன்றாக மடித்து, ஓரங்களைச் செருகி, சிவப்பு அரக்கு வைத்திருக்கிறார்கள். தாள் கணக்கில் காசு வாங்கிய காலம் அது. தனி உறை போட்டால் அதுவும் ஒரு தாள், கட்டணம் இரண்டு மடங்கு. அரக்கைப் பிய்த்த இடத்தில் நகம் அளவுக்கு ஓட்டை, அதோடு இரண்டு சொற்களும் போய்விட்டன. எழுதியவர் பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பி, முன்பு எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதியிருக்கிறார். இன்னொரு தாள் எடுத்திருந்தால் பெறுபவருக்கு அரை டாலர் ஆகியிருக்கும்.

வலது மேல் மூலையில் பேனாவால் ‘25’. நானூறு மைலுக்கு மேல், ஒரு தாள், கணக்குச் சரி. ‘பெய்ட்’ என்ற சொல் எங்கும் இல்லை, ஆகவே பெற்றவர்தான் கட்டியிருக்கிறார். அன்று பெரும்பாலும் அதுதான் வழக்கம். முத்திரையில் மாதமும் நாளும் மட்டும்தான், ஆண்டு இல்லை. ஆண்டு உள்ளே, கடிதத்தின் தலைப்பில் இருக்கிறது. ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் தேதியும் பெயரும் தெரிகின்றன. பெற்றவர் படித்துவிட்டுக் கோப்பில் வைக்கும்போது எழுதிய குறிப்பு அது. உள்ளே கடிதம் இல்லாத வெற்று முகப்புகளுக்கு ஆண்டு கண்டுபிடிக்க இந்தக் குறிப்புதான் பல நேரம் கைகொடுக்கும். விற்பவர்கள் ‘எழுத்துக்கறை’ என்று சொல்லி விலையைக் குறைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள்.

அந்தக் காலச் சிறு தபால் நிலையங்களில் முத்திரைக் கட்டையே கிடையாது. போஸ்ட்மாஸ்டர் ஊர்ப் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதுவார். பார்வைக்கு ஒன்றுமில்லாத இந்தக் கையெழுத்து முத்திரைகளைப் புதியவர்கள் தாண்டிப்போய்விடுகிறார்கள். எனக்கு அவற்றின் மேல்தான் கண்.

டபிள்யூ.டி. குழப்பம்

நான் சறுக்கிய இடம். டபிள்யூ.டி. என்றால் விஸ்கான்சினா, வாஷிங்டனா, வயோமிங்கா? எம்.டி. மிச்சிகன், மினசோட்டா, மொன்டானா மூன்றுக்கும் பொது. ஐ.டி. அயோவாவாகவும் இருக்கலாம், ஐடஹோவாகவும் இருக்கலாம், இன்றைய ஓக்லஹோமாவில் இருந்த இந்தியன் டெரிட்டரியாகவும் இருக்கலாம். ஓ.டி. ஓரிகன் அல்லது ஓக்லஹோமா. ஏ.டி. ஆர்கன்சா அல்லது அரிசோனா. என்.டி. நெப்ராஸ்கா அல்லது நெவாடா.

பெரும்பாலும் காலமே பிரித்துக் காட்டிவிடும். விஸ்கான்சின் டெரிட்டரி 1836இல் தொடங்கி 1848 மே 29இல் முடிந்தது. வாஷிங்டன் 1853இல்தான் தொடங்குகிறது. உறையில் 1870களின் பச்சை மூன்று சென்ட் ஸ்டாம்ப் இருந்தால் விஸ்கான்சின் கழன்றுவிடும். மிச்சிகன் 1837இல் முடிகிறது, மினசோட்டா 1849இல் பிறந்து 1858இல் முடிகிறது, மொன்டானா 1864இல் பிறக்கிறது. வாஷிங்டனும் வயோமிங்கும் மட்டும் 1868 முதல் 1889வரை ஒரே காலத்தில் ஓடுகின்றன. அங்கே ஊர்ப் பெயரும் போன வழியும்தான் துணை.

இன்னொரு சிக்கல். மாநிலமான மறுநாளே யாரும் பழைய கட்டையைத் தூக்கி எறியவில்லை. ‘டெரிட்டரி’ என்று செதுக்கிய முத்திரையை மாதக்கணக்கில், சில ஊர்களில் அதற்கு மேலும் குத்திக்கொண்டிருந்தார்கள். சில இடத்தில் ‘டி’ எழுத்தை மட்டும் சுரண்டி எடுத்திருப்பார்கள். ஆக, முத்திரை டெரிட்டரி என்று சொன்னாலும் தேதி மாநிலக் காலமாக இருக்கலாம். அதற்கும் சேகரிப்பாளர்கள் உண்டு, ஆனால் அதை டெரிட்டரி உறை என்று விற்பது சரியல்ல.

எந்த வழியாகப் போனது

பசிபிக் கரைக் கடிதங்களுக்கு நெடுங்காலம் பெரிய வழி கப்பல்: நியூயார்க்கிலிருந்து பனாமா, அங்கே கரையைக் கடந்து மறுபடி கப்பலேறி சான் ஃபிரான்சிஸ்கோ. 1855இல் பனாமா ரயில் வரும்வரை கோவேறு கழுதையும் படகும்தான். நிகராகுவா வழியாகவும் போட்டிக் கப்பல்கள் ஓடின. ‘நிகராகுவா வழி, தபாலுக்கு முன்னே’ என்று பெருமை அடித்துக்கொள்ளும் முத்திரைகள் அந்தப் போட்டியின் மிச்சம்.

1858 செப்டம்பரில் பட்டர்ஃபீல்டின் கோச்சு வண்டிகள் தரை வழியைத் திறந்தன. செயின்ட் லூயிஸிலிருந்தும் மெம்ஃபிஸிலிருந்தும் எல் பாசோ, டூசான் வழியாக சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 2,800 மைல், ஒப்பந்தப்படி 25 நாள். உறையின் இடப்பக்கம் ‘ஓவர்லேண்ட் வழியாக’ என்று அனுப்பியவர் எழுதியிருந்தால் விலை ஏறும். ஆனால் தேதிகள் ஒத்துவருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். அந்த நாள் டூசான் நியூ மெக்சிகோ டெரிட்டரியில் இருந்தது. அரிசோனா தனியாகப் பிரிந்தது 1863இல்தான்.

போனி எக்ஸ்பிரஸ் என்ற குதிரைத் தபால் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1860 ஏப்ரல் 3இல் மிசோரியின் செயின்ட் ஜோசஃபில் கிளம்பியது, சாக்ரமென்டோவரை சுமார் பத்து நாள். தொடக்கத்தில் அரை அவுன்ஸுக்கு ஐந்து டாலர். 1861 அக்டோபரில் தந்திக் கம்பி கண்டம் கடந்ததும் கடை மூடியது. பதினெட்டு மாதக் கதைதான். உண்மையான உறை ஒன்றின் விலையில் கார் வாங்கலாம், போலியோ ஏராளம். நான் அதைப் படத்தில் பார்ப்பதோடு சரி.

வெல்ஸ் ஃபார்கோ என்ற கூரியர் கம்பெனியின் உறைகள் அப்படியில்லை, கை எட்டும். தனியார் கூரியர் கொண்டுபோனாலும் அரசுக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்பது சட்டம். அதனால் அரசு விற்ற ஸ்டாம்ப் அச்சிட்ட உறையை வாங்கி, அதன்மேல் தங்கள் பெயரையும் அச்சடித்து விற்றார்கள். ஒரே உறையில் இரண்டு தபால் முறைகள். சுரங்க ஊர்களின் பெயர் தாங்கிய கம்பெனி முத்திரைகளை ஊர் ஊராகச் சேர்ப்பது ஒரு தனிச் சுகம்.

ஊரைத் தேடுவது

முத்திரையில் இருக்கும் ஊர் இன்று வரைபடத்தில் இல்லாமல் போயிருக்கலாம். வெள்ளி தீர்ந்ததும் காலியான ஊர்கள் நிறைய. முதலில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் போஸ்ட்மாஸ்டர் நியமனப் பதிவேடுகளைத் தேடுங்கள். 1832 முதல் 1971வரை கவுண்டி வாரியாக இருக்கிறது, எம்841 என்பது மைக்ரோஃபிலிம் எண். தபால் நிலையம் எப்போது திறந்தது, எப்போது மூடியது, யார் பொறுப்பு என்று தெரிந்துவிடும். அதே காப்பகத்தில் எம்1126 என்ற தொகுப்பும் உண்டு. பக்கத்து ஆறு எவ்வளவு தூரம், அடுத்த தபால் நிலையம் எத்தனை மைல் என்று போஸ்ட்மாஸ்டர்களே நிரப்பிய படிவங்கள். சிலர் கையால் வரைபடமும் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, அரசு ஊழியர்களின் பெயரையும் சம்பளத்தையும் இரண்டாண்டுக்கொரு முறை அச்சிட்ட அதிகாரப்பூர்வப் பதிவேடு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிற்றூர்ப் போஸ்ட்மாஸ்டரின் வருமானம் தபால் வரவைப் பொறுத்த கமிஷன். ஆண்டு முழுதும் நாலைந்து டாலர்தான் பெற்றார் என்றால் அந்த ஊரிலிருந்து எத்தனை கடிதம் போயிருக்கும்? அரிது என்று விற்பவர் சொல்வதைவிட இந்த எண் நம்பகமானது. ஏலத்துக்கு முன் நான் பார்ப்பது இதைத்தான்.

போலிகள்

முழுப் போலியைவிட ‘மேம்படுத்திய’ அசல்தான் ஆபத்து. ஸ்டாம்ப் இல்லாமல் போன பழைய மடிப்புக் கடிதத்தில் பிறகு ஒரு ஸ்டாம்பை ஒட்டி, நாலு பேனாக் கோடு போட்டுவிடுவார்கள். உறையில் ‘10’ என்று முத்திரை இருக்க, ஒட்டியது ஐந்து சென்ட் ஸ்டாம்ப் என்றால் மணி அடிக்க வேண்டும். முத்திரை மை ஸ்டாம்பிலிருந்து உறைத் தாளுக்குத் தொடர்ந்து ஓடுகிறதா, ஸ்டாம்ப் ஓரத்தில் நின்றுவிடுகிறதா என்று லென்ஸில் பாருங்கள். புற ஊதா விளக்கில் புதுப் பசையும் ஒட்டுப்போட்ட தாளும் வேறு நிறத்தில் தெரியும்.

தேதியும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் முதல் ஸ்டாம்புகள், ஐந்து சென்ட் ஃபிராங்க்ளினும் பத்து சென்ட் வாஷிங்டனும், 1847 ஜூலை 1இல் வந்தன. விஸ்கான்சின் டெரிட்டரிக்கு அதன் பிறகு ஆயுள் பதினோரு மாதம்தான். அந்த ஸ்டாம்பு ஒட்டிய விஸ்கான்சின் டெரிட்டரி உறை என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் சந்தேகம், அப்புறம்தான் ஆசை.

பெரிய தொகை என்றால் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். நியூயார்க்கின் பிலாடலிக் ஃபவுண்டேஷனும் பென்சில்வேனியாவின் பெல்ஃபான்ட்டில் உள்ள அமெரிக்கன் பிலாடலிக் சொசைட்டியும் பரிசோதித்துச் சான்று தருகின்றன. மலிவான உறைக்கு இது வேண்டாம், சான்றுச் செலவு உறையைத் தின்றுவிடும்.

வாங்கிய பிறகு

லாமினேஷன் போட்டுவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், செய்தவரை எனக்குத் தெரியும். செல்லோடேப்பும் பசையும் கூடாது. பிவிசி உறைகள் வேண்டாம், நாளடைவில் கசிந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையும் அமிலமில்லாத தாளும் போதும். மடிப்புக் கடிதத்தை ஒரே ஒரு முறை மெதுவாகப் பிரித்து, இருபக்கமும் ஸ்கேன் எடுத்துவிட்டு, படிப்பதெல்லாம் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மை தாளை அரிக்கும். மடிப்புகள் விரிசல் விடும். நம் ஊர்க் கடலோர ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம், மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். அழுக்கைத் துடைக்கும் ஆசையையும் பென்சில் குறிப்பை அழிக்கும் ஆசையையும் அடக்குங்கள். பழைய வியாபாரி கிறுக்கிய அந்த எண், உறை யார் யார் கையில் இருந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க உதவலாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டு கடந்த கையெழுத்துகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடும். வெளிநாட்டுக்குத் திருப்பி விற்கும் எண்ணமிருந்தால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆல்பத்தில் ஒவ்வொரு உறைக்கும் கீழே நாலே வரி: ஊரும் அன்றைய டெரிட்டரியும், தேதியும் அது எப்படித் தெரிந்தது என்பதும், கட்டணக் கணக்கு, போன வழி. பின்பக்கம் வாங்கிய நாள், விலை, விற்றவர் எழுதிய சீட்டு.

அந்தச் சீனி உறையை நான் திருப்பி அனுப்பவில்லை. வாஷிங்டனுக்கென்று புதிதாக ஒரு பக்கம் போட்டு அதில் வைத்தேன். ‘ஷையென், வயோமிங்’ என்ற சீட்டும் அதன் பின்னால் அப்படியே இருக்கிறது.